எண்ணூற்று எண்பத்தெட்டு

பன்னிரண்டு எம்.எம். கம்பியில்
சரியாக ஒரு மீட்டர் அறுத்து
திருமுல்லைவாசல் மீன் ஏலத்துக்கு
சைக்கிளில் கொண்டுபோனேன்.
நான் நம்பும் தராசு
மாரிக்கண்ணுவுடையது ஒன்றுதான்.

தட்டில் ஒட்டிய செதிலைத் துடைத்துவிட்டு வைத்தாள்.
எழுநூற்றுத் தொண்ணூறு.
இருக்க வேண்டியது எண்ணூற்று எண்பத்தெட்டு.

"ஒரு கிலோ வஞ்சிரத்துல
நூறு கொறைஞ்சா என்னய விடுவியா நீ?"

கடைக்காரர் போனில் சிரித்தார்:
"உப்புக்காத்து தின்னுருக்கும் சார்."
நேற்று சாயங்காலம்தான்
இறங்கியது லோடு.

திருப்பி ஏற்றிய கூலி என் தலையில்.
உப்பனாற்றுப் பாலம் தாண்டும்வரை
வால் ஆட்டிக்கொண்டே போயின கம்பிகள்.
வானக்குழியில் அதற்குள்
முழங்கால் தண்ணீர், ஒரு நண்டு.

அறுத்த துண்டை
மாரிக்கண்ணு திருப்பித் தரவில்லை.
தார்ப்பாய் பறக்காமலிருக்க
ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.
அதற்கு
இந்த எடை போதுமாம்.