பத்துக்கு எத்தனை

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார் டொக்டர்.
ஏழு என்கிறேன்.
போன மாதமும் ஏழுதான் சொன்னேன்.
அது வேறு ஏழு.

இருபத்திரண்டு வருடமாக
ரொறன்ரோ நீதிமன்றங்களில்
மற்றவர்களின் வாயாக இருந்து உழைத்தவள் நான்.
உளைவுக்கும் கடுப்புக்கும் நடுவில்
ஒரு நீதிபதியை அரை நிமிடம் காக்க வைத்திருக்கிறேன்.
இப்போது என் வலது விலாவுக்கு
மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை.

குத்து அல்ல. குத்தியதைப் பிடுங்கலாம்.
எரிவு என்றால் தண்ணீருக்கு அடங்கவேண்டும்.
இது, ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட நொடி
முடிய மறந்து நின்றுவிட்டது போல.
சட்டைத் தையல் போதும்.
சீற் பெல்ட் போதும்.
படுக்கை விரிப்பின் ஒரு மடிப்பு,
விடியும்வரை.

ஆறு வயதில் வந்த அம்மாள் வருத்தம்
வேப்பிலையோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.
போகவில்லையாம்.
முள்ளந்தண்டின் ஓரம், நரம்பு முடிச்சொன்றில்
நாற்பத்தெட்டு வருடம் வாடகையின்றிக் குடியிருந்து,
என்னோடு விமானம் ஏறி,
என்னோடு குடியுரிமைச் சத்தியமும் செய்து,
போன மார்கழியில் அக்கியாக எழும்பியது.
கொப்புளம் மூன்று கிழமையில் காய்ந்துவிட்டது.
நரம்புக்கு அந்தச் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை.

இரவுக் குளிசை வலியைக் குறைத்தது, உண்மை.
கூடவே சொற்களையும்.
"பிணை" என்ற ஒரு சொல்லுக்காக
சாட்சிக் கூண்டருகே வாய் திறந்தபடி நின்றேன்.
வழக்கறிஞர் தண்ணீர் நீட்டினார்.

அதற்குப் பிறகுதான் டொக்டர்
திரையை என் பக்கம் திருப்பினார்.
அவர் சொன்ன பெயர் லத்தீன் மாதிரிக் கௌரவமாக இருந்தது.
வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னேன்.
தவநேசன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்து
"கஞ்சாவோ?" என்றார்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில்.

எல்லோருக்கும் வேலை செய்யாதாம்.
தலை சுற்றலாம், வாய் காயலாம்,
அடுத்த காலை கார் ஓட்ட யோசிக்க வேண்டுமாம்.
ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை என்று
டொக்டரே ஒத்துக்கொண்டார்.
அது எனக்குப் பிடித்தது.
ஒரு சாட்சி "தெரியாது" என்னும்போதுதான்
மிச்சத்தை நம்பத் தோன்றும்.

ஆனால் என்னைத் தடுத்தது அது அல்ல.

இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதம்.
நிரோஜன். பத்தொன்பது வயது.
ஜக்கெற் பையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள்.
"சும்மா வைச்சிருந்தனான்" என்றான்.
சும்மாவுக்கு ஆங்கிலம் இல்லை.
நான் ஏதோ ஒன்றைச் சொன்னேன்.
அது பதிவாகியது.
அவனிடம் குடியுரிமை இருக்கவில்லை.
பிறகு என்ன ஆனது என்று விசாரிப்பது
எங்கள் தொழில் ஒழுக்கத்தில் இல்லை.

இன்று மார்க்கம் றோட்டில்,
சாறிக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில்
அதே இலைக்குக் கண்ணாடிக் கதவு, மங்கல் விளக்கு,
சனிக்கிழமைகளில் வரிசை.
எனக்குத் தபாலில் வந்தது,
என் பெயரை ஓர் எழுத்தும் பிழைக்காமல் அச்சடித்த
சின்னப் போத்தல்.

கால் மில்லியில் தொடங்குங்கள் என்றாள் தாதி மாரிசெல்.
கொப்பி போட்டு எழுதி வையுங்கள்.
திகதி, நேரம், அளவு, வலி.
மூன்று நாளாகத் திகதி மட்டும் எழுதுகிறேன்.
வலி என்ற கட்டத்தில் ஒருநாள்
"விண்விண்" என்று எழுதினேன்.
எண் கேட்கிற கட்டம் அது.

இன்றிரவு பனி வழிக்கும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.
அதன் ஒவ்வொரு சுரண்டலும் விலாவில் கேட்கிறது.
குசினி லைற்றைப் போட்டுப் போத்தலைத் திறந்தேன்.
வெட்டிய புல், கொஞ்சம் மண்ணெண்ணெய்.
மோசமில்லை.

"என்ன செய்யிறீர் அங்கை?" அறைக்குள்ளிருந்து தவநேசன்.

"சும்மா."

மூடி எங்கேயோ உருண்டு போய்விட்டது.
குனிந்து தேட
இந்த விலா விடாது.