நிழல் ஒன்று, பாதி முட்டை

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே
காலிப் பீப்பாய்களைக் கால்வாயோரம்
உருட்டி நிறுத்திவிடுவேன்.
நாற்காலி கிடையாது.
உட்கார்ந்தால் அது சாப்பாடு.
நின்றால்தான் இது.

வெனிஸில் சின்னக் கோப்பை ஒயினுக்கு
நிழல் என்று பெயர்.
ஏன் என்றால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்,
மணிக்கூண்டின் நிழல் நகர நகர
கூடவே நகர்ந்ததாம் ஒயின் வண்டி.
இருக்கலாம்.
நிழல் கேட்டால் நிழல் ஊற்றுவேன்,
சில்லறை இல்லையென்றால்
நாளைக்கு.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் ராஜ்ஜியம்.
சோளக்களித் துண்டின் மேல்
எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டு
மேகமாகும்வரை அடித்த கருவாடு
(என் தோள்பட்டையைக் கேளுங்கள்),
பாதி முட்டை,
அதன்மேல் வால் மடித்துப் படுத்த நெத்திலி,
உப்புநீரில் ஊறிய ஆலிவ்.
இறைச்சி உருண்டையும் உண்டு.
ஏழரைக்கு மேல் அதைக் கேட்காதீர்கள்.

முதலில் வருபவன் அல்விசே.
படகு மோட்டார் பழுதுபார்ப்பவன்,
நகக்கண்ணில் கிரீஸ்.
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கி
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பான்,
கள்ளநோட்டா என்று பார்ப்பதுபோல.
பிறகு ஒரு வாய்.
முகம் சுளிக்கும்.
அந்தச் சுளிப்புக்குத்தான் காசு.
கசப்பு ஒரு சொட்டுக் குறைந்தாலும்
"ஒரேஸ்தே, இது பள்ளிக்கூடமா?" என்பான்.

ஆறேகாலுக்கு நிவெஸ்,
பத்திரப்பதிவு அலுவலகத்தின் சலிப்பைக்
கழுத்துத் துண்டோடு கழற்றி
பீப்பாய்மேல் போடுவாள்.

பதினாறு வருடம் கணவன் மனைவி.
ஏழு வருடமாக இல்லை.
வீட்டை விற்றுப் பங்கு போட்டார்கள்.
நாய் ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே.
மாலை ஆறு மணி மட்டும்
எந்த வக்கீலின் பட்டியலிலும் வரவில்லை.

அவள் கோப்பையின் ஆலிவ்
பல்குத்தியோடு அவன் தட்டுக்குப் போகும்.
அவன் உருளை வறுவலில்
கருகியதாகப் பொறுக்கி
அவள் பக்கம் தள்ளுவான்.
பேச்செல்லாம்
வெள்ளம் எத்தனை சென்டிமீட்டர்,
மேல்மாடிக் கிழவரின் ஒழுகும் குழாய்,
நாயின் கடைவாய்ப் பல்.
ஏழுமணிக்கு அவள் இடப்பக்கப் பாலம்,
அவன் வலப்பக்கப் பாலம்.

அக்டோபரில் ஒரு வியாழன், மழை.
எல்லோரும் உள்ளே நெருக்கியடித்து
ஈரக் கம்பளி வாசம்.
ஏழு போயிற்று. எட்டும் போயிற்று.
கூட்டம் கரைந்தது.
இவர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டேயிருந்தார்கள்.
நான் ஏற்கெனவே துடைத்த கோப்பைகளை
மறுபடி துடைத்தேன்.

"பசிக்கிறதா?" என்றான்.
"பசிக்கிறது."

என் கடையில் கேட்கக் கூடாத கேள்வி அது.
அபெரிதீவோ என்றால் திறப்பது.
வயிற்றைத் திறந்துவிடுவதோடு என் வேலை முடிந்தது,
அடுப்புகூட என்னிடம் கிடையாது.

"முனையில் அந்தக் கடை திறந்திருக்கும்.
மீன் நன்றாயிருக்கும்."
நிவெஸ் கோப்பையில் மிஞ்சிய ஐஸை
ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"வேண்டாம் அல்விசே.
சூப் வருவதற்குள் உன் அம்மாவைப் பற்றி
நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.
சாப்பாட்டுக்கு முன்னால்வரை
நாம் நல்லவர்கள்."

அவன் சிரித்த சிரிப்பில்
பல்குத்தி தரையில் விழுந்தது.
கோபமில்லை. எனக்குத் தெரியும்,
அவன் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் ஒரே ஒரு பாதி முட்டை மிச்சம்.
கேட்காமலே எடுத்து
இரண்டாக நறுக்கினேன்.
நெத்திலியை நறுக்க முடியவில்லை,
வழுக்கியது,
முழுசாக அவள் பக்கமே போய்விட்டது.
அவன் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இடது பாலம், வலது பாலம்.
ஒரே ஒரு குடை,
அது யாரிடம் போனதென்று நான் கவனிக்கவில்லை.

ஷட்டரை இறக்கி
என் வீட்டுக்கு நடந்தேன்.
மதியத்திலிருந்து உருண்டை தின்ற வயிறு,
பசியே இல்லை.
நாளைக்கு
முட்டை இரண்டு கூடவே வேகவைக்க வேண்டும்.