மூலைக்கு மூலை

சுவரை அளந்த சணல் கயிறு
முடிச்சோடு என் பையில்.
மன்னார்குடிக் கடையில் ரிஸ்வான் சிரிக்கிறான்:
"இஞ்ச்னா அகலம் இல்லக்கா,
மூலைக்கு மூலை."

பதினோரு டிவி.
எல்லாவற்றிலும் ஒரே அருவி, ஒரே கிளி,
எந்த ஊர் என்றே தெரியாத பனிமலை.
இவர் கைகட்டி நின்றார்.
"வயல் இருந்தா போடு தம்பி."

தேடிப் போட்டான்.
விலை கூடினதில் பச்சை கண்ணில் அறைந்தது.
"யூரியா அதிகம்.
பத்து நாள்ல சுருட்டுப்புழு வந்துடும்."
அடுத்தது வெளிறல்.
"ஜிங்க் பத்தல."

ஓரத்தில், தள்ளுபடிச் சீட்டு ஒட்டிய
நாற்பத்து மூன்றின் முன்னால் குனிந்தார்.
திரையைத் தடவப் போன விரலை
இழுத்துக்கொண்டார்.
"இது, நட்டு இருபதாம் நாள்."

போன தை மழையில் சாய்ந்த கதிருக்கு
ஆடியில் வந்த காப்பீட்டுப் பணம்.
ரிஸ்வான் இரண்டு முறை எண்ணினான்.
ஐம்பத்தைந்து கேட்டு அடம்பிடித்த மகளுக்கு
என்ன சொல்வதென்று நான் எண்ணினேன்.

பெட்டியைக் கட்டக் கயிறு எட்டவில்லை.
பைக்கில் நான்தான் அணைத்துக்கொண்டு வந்தேன்.
வடுவூர் ஏரிக்கரையில்
திரும்பாமலே சொன்னார்:
"கிரிக்கெட் கிரவுண்டுக்கும்
அந்தப் பச்சைதான்டி சரி."