அரை அங்குலம்

வர்த்தகப் பிரிவில் மூன்று எஸ்.
உம்மா அயலுக்குச் சொல்வது: "மூணு பாடமும் பாஸ்."
வாப்பா டோஹாவிலிருந்து சொல்வது:
"இன்னொருக்கா எழுது. இல்லாட்டி
லைசன் எடு, டிரைவர் விசா பாப்பம்."
நான் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.
தலையணைக்குக் கீழே ஒரு பாரம்,
எட்டாக மடித்து வைத்திருக்கிறேன்.

சுவர்ப்பூச்சு. ஆறு மாதம். நிந்தவூர்ப் பயிற்சி நிலையம்.
கடைசித் திகதி வியாழன்.
'இத்தொழிலை ஏன் தெரிவு செய்கிறீர்?'
கீழே புள்ளிக்கோட்டில் மூன்று வரி.
ஒரு ஆயுளுக்கு மூன்று வரி போதுமென்று
யாரோ அளந்திருக்கிறார்கள்.

நிப்றாஸ் பத்தாம் வகுப்போடு நின்றவன்.
என் கொப்பியைப் பார்த்துப் பரப்பளவுக் கணக்கை
என்னைப் போலவே பிழையாகச் செய்தவன்.
இப்போது சுவருக்கு முன்னால் நின்று
ஜன்னலைக் கழித்து, கதவைக் கழித்து,
வீட்டுக்காரர் போனை எடுக்க முன்
சதுர அடியைச் சொல்லிவிடுகிறான்.
"ஒருநாள் முட்டாளா வா மச்சான்.
மறுகா பாரத்த நிரப்பு."
முட்டாள்: மேசனுக்கு முட்டுக் கொடுக்கிற ஆள்.
சந்தியில் எவரும்
அப்படி விளங்கிக்கொள்ளவில்லை.

அட்டப்பள்ளத்தில், ஒரு குமருக்குக் கட்டுகிற வீடு.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
சாரத்தில் ஏறினேன்.
மண் அரித்தேன், கலவை சுமந்தேன்,
பத்து மணிக்குள் பதினான்கு முறை நேரம் பார்த்தேன்.
அவன் சாந்தகப்பையால் எறிந்தது
சுவரில் நின்றது.
நான் எறிந்தது
என் காலில்.
"கோவத்தில எறியாத. சுவர் ஒனக்கு என்ன செஞ்சிச்சி?"

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று
எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன்.
சுவருக்கும் சித்திரத்துக்கும் நடுவில்
அரை அங்குலம் இருக்கிறது.
அதை எழுதவில்லை.

பகல் சோற்றில் ஆணத்தைப் பிசைந்தபடி கேட்டேன்,
"உண்மையச் செல்லு. நல்ல தொழிலா?"
"பூசி மெழுகாமச் செல்லவா?" சிரித்தான்.
மாரியில் இரண்டு மாதம் வேலையில்லை.
சீமெந்து விலை ஏறினால் வீடுகள் பாதியில் நிற்கும்.
தோளுக்கு முப்பதிலேயே அறுபது வயது.
மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்கள்
'மகன் என்ன செய்றாரு' என்று கேட்டுவிட்டு
தேத்தண்ணியை அரைவாசியில் வைப்பார்கள்.
"ஆனா இந்தக் கரையில குமர் இரிக்குமட்டும்
சுவர் இரிக்கும்டா."

பின்னேரம், கக்கூசுக்குப் பின்னால்
ஒருத்தரும் பார்க்காத மூலை ஒன்றைத் தந்தான்.
பாய் அகலம்கூட இல்லை.
மட்டப்பலகை வைத்துப் பார்த்தால்
நடுவில் குளம், ஓரத்தில் மேடு.
ஆனால் விழவில்லை.
போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன்,
விழவில்லை.
"ஏழு நாள் தண்ணி அடி. இல்லாட்டி வெடிக்கும்."

எங்கள் வீட்டிலும் இரண்டு குமர்.
மூத்தவளுக்கு எழும்பிய வீடு
மூன்று வருடமாகப் பூச்சில்லாமல் நிற்கிறது.
வாப்பா அனுப்பியது கூரையோடு முடிந்தது.
கல்லில் உரசி உரசி
அவளுடைய அபாயாவின் முழங்கையெல்லாம் நூல்.
இரவு பாரத்தைக் காட்டினேன்.
ஹஸ்மியா முழுவதும் வாசித்தாள், பின்பக்கத்தையும்.
"படிக்கிறதெண்டாப் படி.
என்ட சுவரில பழகாத."
விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து
அடுத்த அறையிலிருந்து:
"எனக்காகத்தான் எண்டு
அந்த மூணு வரியில எழுதிப்போடாத."

விரல் இடுக்குகளைச் சீமெந்து தின்றிருக்கிறது.
தேங்காயெண்ணெய் பூசியும் எரிகிறது.
பேனையைப் பிடிக்க முடியவில்லை,
அல்லது அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று ஞாயிறு.
பாரத்துக்கு நாலு நாள்.
அந்த மூலைக்கு ஏழு.
விடிய எழும்பி
தண்ணி அடிக்கப் போகவேண்டும்.