டேப் சிக்கிய இடம்

நாகஜோதி தந்த டிக்கெட். அவளால் வரமுடியவில்லை,
மாமியாருக்குச் சுகர் ஏறிவிட்டது.
தல்லாகுளத்தில், ஏ.சி. பாதிதான் வேலைசெய்யும் மன்றத்தில்
எஃப் வரிசை, பதினொன்று.

ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத்தைப்
பாட்டு நாடகமாக்கியிருக்கிறார்கள்.
கதை எல்லோருக்கும் தெரியும்:
ஆறு மாத வாடகை பாக்கிக்காரன்
ஒருநாள் காலையில் திடீரென்று செவிடனாகிறான்.
வீட்டுக்காரர் கத்துகிறார், பிறகு சிலேட்டில் எழுதுகிறார்.
அவன் வாங்கிப் பார்த்து
'கையெழுத்து நல்லாருக்கே' என்று திருப்பித் தருகிறான்.

படத்தில் அவனுக்குப் பாட்டே கிடையாது.
செவிடனுக்கு எதற்குப் பாட்டு?
இங்கே பதினோரு பாட்டு.
வீட்டுக்காரர் மகள் பாடுகிறாள், பால்காரன் பாடுகிறான்,
மேடை ஓரத்தில் தவில், கீபோர்டு, ஒரு கிளாரினெட்.
இவன் மட்டும் எதுவும் கேட்காதவனாகக்
கல்லாய் உட்கார்ந்திருக்க வேண்டும்.
உட்கார்ந்திருக்கிறான்.
வலது கால் கட்டைவிரல் தாளம் போடுகிறது.
அதை இடது காலால் மிதிக்கிறான்.
இடது கால் தாளம் போடுகிறது.

பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னோடு குலுங்கினார்.
நானும் சிரித்தேன், எல்லாவற்றுக்கும் ஒரு நொடி முந்தி.
மனப்பாடமாக வைத்திருப்பவர்களின் நோய் அது.

உண்மையில் அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்தது
கல்யாணத்துக்கு அப்புறம்தான்.
அதுவரை அது ஒரு கேசட்.
பழங்காநத்தத்தில், அப்பாவின் டயர் ரீட்ரேடிங் கடையில்,
ரப்பர் வேகும் வாடைக்கு நடுவே ஓடிய வசன கேசட்.
பி பக்கத்தில் ஓரிடத்தில் டேப் சிக்கி,
பென்சில் விட்டுச் சுற்றி எடுத்தது.
அன்றிலிருந்து வீட்டுக்காரர்
'வாடகை எங்கேடா' என்று கேட்டதில்லை.
'வாட க்ர்ர்ரொய்ங் டா' என்றுதான் கேட்பார்.
நானும் தம்பியும் ஒருவரிடம் ஒருவர்
அஞ்சு ரூபாய் கடன் கேட்பதும் அப்படித்தான்.

நேற்று இரண்டாம் பாதியில் அந்த வசனம் வந்தது.
நடித்தவர் சுத்தமாக, முழுசாகச் சொன்னார்.
பெரிய கைதட்டல்.
அதற்குள்ளே, எனக்கு இரண்டு வரிசை பின்னால்,
மெதுவாக, யாருக்காகவும் இல்லாமல்,
க்ர்ர்ரொய்ங்.

உலகத்தில் அந்தச் சத்தம் தெரிந்தது இரண்டு பேருக்கு.
ஒருத்தி எஃப் பதினொன்றில் இருக்கிறாள்.
இன்னொருவன் மீது அவள் போட்ட வழக்கு
நாலு வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.
கடை இருந்த இடம், மூன்று சென்ட்.
'பேச்சுக் கொடுக்காதீங்கம்மா, கேஸ் வீக் ஆயிடும்'
என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.
சித்தப்பா எழவு வீட்டில்
எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு
இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடையில், அவனைச் சோதிக்க,
முதுகுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசைப் போட்டார்கள்.
திரும்பிவிட்டான். மாட்டிக்கொண்டான்.
அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.
நான் திரும்பவில்லை.
ஆனால் செருப்புக்குள் என் கட்டைவிரல்
என்ன செய்துகொண்டிருந்தது என்று
கேட்காதீர்கள்.

வெளியே பருத்திப்பால் வண்டி, ஹெல்மெட் கூட்டம்.
சோலைமலை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து
என் எதிரில் நின்றான்.
முன்வழுக்கை விழுந்திருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை.
'இந்நேரத்துக்கு பஸ் இருக்காக்கா?' என்றான்.

நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து
'ஆ? என்னது?' என்றேன்,
அந்தக் குடித்தனக்காரனைப் போலவே.
விளையாட்டுக்குச் சொன்னேனா,
வக்கீலுக்குப் பயந்து சொன்னேனா,
எனக்கே தெரியவில்லை.

அவன் பைக்குக்கு ஸ்டாண்டு போட்டான்.
அதே கேள்வியை,
பருத்திப்பால்காரர் கரண்டியோடு நிமிர்ந்து பார்க்கும்படி,
இன்னும் சத்தமாகக் கேட்டான்.