மேலிருந்து மூன்று

சுக்திதி மருத்துவமனையில்
அறைக்கொரு வழக்கம்.
டாக்டர் குராமுக்கு இடதுகை,
கத்தரிக்கோல் ஜன்னல் பக்கம்.
என் ஊசிமருந்துகள் பிஸ்கட் டப்பாவில்.
தேடுவதும் வைத்தியத்தில் சேர்த்தி என்றிருந்தோம்.

நெஸ்தான் வந்தாள்,
அளவுநாடாவும் சிவப்பு டேப்புமாய்.
நாலு அறைக்கும் ஒரே அலமாரி, ஒரே வரிசை.
"இதென்ன பட்டாளமா?" என்றேன்.
சிரிக்காமல் லேபிள் ஒட்டினாள்.

ஹேசல்கொட்டை அறுவடை மாதம்.
தொண்டை வீங்கிய பையனைத்
தோளில் போட்டு ஓடிவந்தார் ஒருவர்.
அந்நேரம் பார்த்து மின்சாரம் போனது.

என் அறைகூட இல்லை அது.
மேலிருந்து மூன்று, இடமிருந்து இரண்டு.
விரல் போய் நின்றது.
கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்:
அட்ரினலின்.

விளக்கு வந்தபோது
பையன் அழுதுகொண்டிருந்தான்,
கட்டிடமே கேட்கும்படி.

நெஸ்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் என் டப்பாவில்
பிஸ்கட் இருந்தது.
அவள் முன்னால் நீட்டினேன்.