கிலோ நாற்பது காசு

லண்டனுக்குப் போகிறேன், என்ன படிக்கலாம் என்று
ரெத்னமாலா கேட்டது நூலகத்தில் அல்ல.
பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
லிம் தவுக்கேயின் பழைய பேப்பர் கடையில்,
தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடம்.

பதினோரு வருஷமாய் நிறுக்கிறேன்.
மூடிய தோட்டங்களின் துரை பங்களாக்களிலிருந்து
லோரியில் வந்து இறங்கும் அந்த ஊர்,
தெருத்தெருவாய், நனைந்து, பூச்சி அரித்து.
பாஸ்போர்ட் எடுக்காத என் காலுக்கு
அதன் சந்துகள் மனப்பாடம்.

முதலில் இதை எடு, வரைபடப் புத்தகம்.
ஆற்றுக்குத் தெற்கே முழுதும் கரையான் தின்றுவிட்டது,
வடக்கிலேயே வீடு பார்த்துக்கொள்.
அடுத்தது சாக்கடைகளைப் பற்றி,
ஓர் எஞ்சினியர் எழுதியது, தடி.
ஊர் எதைப் புதைத்திருக்கிறது என்று தெரிந்தால்
பாதி ஊர் தெரிந்த மாதிரி.
இந்த நாவலில் கடைசி இருபது பக்கம் இல்லை.
மூடுபனியில் ஒருத்தி பாலத்தில் நிற்கிறாள்.
குதித்தாளா, பஸ் பிடித்தாளா,
போய் விசாரித்துச் சொல்.
சமையல் புத்தகம் வேண்டாம்.
மிளகாய்த்தூள் எடுத்துப் போ.

சிரித்தாள். தாதி வேலை, கண் மருத்துவமனையில்,
இரண்டு வருஷ ஒப்பந்தம்.

பிறகு அடியிலிருந்து நான் இழுத்தது
நீல அட்டை போட்ட மெலிந்த ஒன்று.
ஒரு ரப்பர் கம்பெனியின் ஆண்டறிக்கை.
முதல் பக்கத்தில் லண்டன் விலாசம், கதவு எண் பதினேழு.
ஒன்பதாம் பக்கத்தில் நாம்:
பதினாலாம் நம்பர் காடு, மறுநடவு, மகசூல் திருப்தி.
ஆள் பேர் தேடினாள்,
பின்னட்டை வரை.
இதுவும் லண்டன் புத்தகமா?
விலாசம் இருக்கிறதே, என்றேன்.

மூன்று கிலோ இருநூறு.
வாங்கின விலைக்கே, ஒரு வெள்ளி இருபத்தெட்டு.
முப்பதாய்க் கொடு என்றார் தவுக்கே,
இரண்டு காசுக்கு எங்கே போவது.

டிசம்பரில் வாட்ஸ்அப்பில் குரல் வந்தது.
வீடு தெற்கேதான் கிடைத்ததாம்,
கரையான் தின்ற பக்கத்தில்.
பாலத்தில் யாரும் நிற்பதில்லை,
போனைப் பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள்.
பதினேழாம் எண்ணுக்கும் போனாளாம் ஒரு ஞாயிறு.
கண்ணாடிக் கதவு, உள்ளே உடற்பயிற்சிக் கூடம்.
வரிசையாய் ஆட்கள்
வேர்க்க வேர்க்க ஓடுகிறார்கள்,
நின்ற இடத்தைவிட்டு நகராமல்.
காலுக்குக் கீழே கறுப்பாய் ரப்பர் பட்டை
பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது.
உள்ளே விட அட்டை கேட்டார்கள்.

அந்த நீல அட்டையைக் காட்டியிருக்கலாமே.
பையில்தான் இருந்தது, என்றாள்.
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.

அப்புறம்:
கூடத் தங்கியிருக்கும் போர்ச்சுகல்காரி கேட்கிறாள்,
உன் ஊரைத் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகம் என்று.
என்ன சொல்லட்டும்?

அன்று மழை. கடை அடைக்கும் வரை
கட்டுக்கட்டாய்ப் பிரித்தேன்.
பகாவ் என்ற பேர் இருந்தது
கரண்ட் பில்லில், திருவிழா நோட்டீஸில்,
டயர் கடைக் காலண்டரில்.
கடைசியாய் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று,
நாலாம் வகுப்பு.
ஜனவரியில் இருபத்தாறு பேர்,
ஆகஸ்டில் பத்தொன்பது,
நவம்பரில் பதினொன்று.
போனவர்கள் பேருக்கு எதிரே சிவப்பு மையில்
ஒரே சொல், மாற்றலாகி, மாற்றலாகி.
எங்கே என்று எழுதவில்லை வாத்தியார்.
ஐந்தாவது பேர் என்னுடையது.

நிறுத்தேன். முந்நூற்றைம்பது கிராம்.
பதினைந்து காசு வைத்தேன் மேசையில்.
அவளுக்குத் தமிழ் தெரியாதே என்றார் தவுக்கே.
பாதிக்கு மேல் வெறும் கட்டம்தான் தவுக்கே,
என்றேன்.

தபால் கூலி எண்பது வெள்ளிக்கு மேல் வருமாம்.
சம்பளம் வரட்டும்.
அதற்குள் ரெத்னமாலாவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்,
தெற்கே எந்தத் தெரு என்று.
அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.